"பள்ளம்!" என்று கத்திய சபைக்காரர்

ராஜாக்கள் பல்லக்கிலும் மற்றவர்கள் காலிலும் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஆலங்கரை என்று ஓர் ஊர் இருந்ததாம். உத்தண்ட பூபதி என்று அதற்கொரு ராஜாவாம்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த ஊருக்குப் பஞ்சம் பிழைக்க வந்தவன் மாதப்பன். ராஜாவின் பல்லக்கைத் தூக்கினான். அவனுக்கு முன்கொம்பு. பின்னால் தூக்குகிறவர்களுக்குப் பல்லக்கு மறைக்கும், பாதை தெரியாது. அதனால் முன்னால் போகிறவன் "பள்ளம்!", "கல்லு!" என்று கத்திக்கொண்டே போகவேண்டும். மாதப்பன் கத்தினால் அடுத்த தெரு மாடுகூட ஒதுங்கி நிற்கும்.

அந்தக் குரலுக்காகவே சுமைகாரத் தெருக்காரர்கள் அவனை ஊர்ச்சபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். மாதப்பன், மாதப்பனார் ஆனார். தோளில் அங்கவஸ்திரம் ஏறியது. அதையும் மனுஷர் கொம்பு அழுத்தாதபடி தடியாக மடித்து வலது தோளில்தான் வைத்துக்கொள்வார்.

முதல் நாள் சபை. ராஜா சொன்னார்: "ஏரிக்கரையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, அங்கே கோடை மாளிகை கட்டப்போகிறேன்."

"ஆகா!" என்றது சபை.

"பள்ளம்!" என்றார் மாதப்பனார்.

பழக்கம். வாய் முந்திக்கொண்டது. கரைக்குக் கீழேதானே சுமைகாரத் தெரு இருக்கிறது!

மந்திரி அனந்தசயனம் துள்ளி எழுந்தார். "மகாராஜா பேச்சில் பள்ளமா? வந்தேறிக்கு ஆசனம் கொடுத்தால் இப்படித்தான்! இங்கே 'ஆகா' தவிர வேறு சத்தம் கூடாது, தெரியுமா?"

ராஜாவுக்கும் முகம் சுருங்கிவிட்டது. "பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிப் போய்விடும்!"

"போகிறேன் மகாராஜா. கடைசியாக ஒரு தடவை உங்களைச் சுமந்துவிட்டுப் போகிறேனே? ஏரிக்கரை வரைக்கும். மாளிகைக்கு இடம் பார்த்த மாதிரியும் இருக்கும். மந்திரி ஐயாவும் கூட ஏறிக்கொள்ளட்டும்."

ஏறினார்கள். மாதப்பனார் முன்கொம்பைப் பிடித்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு குழி. அவர் தாண்டிவிட்டார்.

"ஆகா! பட்டு விரித்த பாதை மகாராஜா!"

பின்னால் வந்தவர்கள் தொபுக்கென்று குழிக்குள் கால் வைத்தார்கள். ராஜாவின் தலையும் மந்திரியின் தலையும் மேல்கட்டையில் 'ணங்'கென்று இடித்தன.

"பாதை... பட்டுதான் மகாராஜா" என்றார் மந்திரி, மண்டையைத் தடவிக்கொண்டே.

"ஆகா! பூப்போல இருக்கிறது!" என்றார் மாதப்பனார். தடக்! ராஜாவின் கிரீடம் மந்திரியின் மடியில் விழுந்தது.

கரைமேல் ஏறியதும் ராஜா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். எதிரே ஆளை விழுங்குகிற குழி. மாதப்பனார் ஆனந்தமாக "ஆகா..." என்று வாயைத் திறந்தார்.

"பள்ளம்!" என்று அலறினார் ராஜா. "கல்லு! இடப்பக்கம் சேறு! டேய், பின்னால வர்றவங்களா, பள்ளம்டா!"

பல்லக்கு நின்றது. மாதப்பனார் பணிவாகத் திரும்பினார். "மன்னிக்கணும் மகாராஜா. இந்த வார்த்தைக்காகத்தானே நான் எல்லை தாண்டிப் போகிறேன்?"

ராஜா இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் தளும்புகிற ஏரி. மறுபக்கம், கரைக்குக் கீழே, கூரை கூரையாக அடுப்புப் புகை.

"இந்தக் கரையை வெட்டினால்..." என்று இழுத்தார்.

"முன்கொம்புக்காரனுக்கு அது தெரிந்தது மகாராஜா. அதான் கத்திவிட்டேன்."

ராஜா சிரித்தார். கிரீடம் மறுபடியும் விழுகிற அளவுக்குச் சிரித்தார். "மாளிகையை மேட்டுப்பக்கம் கட்டிக்கொள்ளலாம். மாதப்பனாரே, எல்லையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நாளையிலிருந்து சபையில் என் பக்கத்தில் உட்காரும். பள்ளம் தெரிந்தால் கத்தும்!"

பின்கொம்புக்காரன் ஒருவனுக்குக் கால் பிசகியிருந்தது. ராஜா மந்திரியைப் பார்த்தார். "மந்திரியாரே, இறங்கும். அந்தக் கொம்பு உமக்கு. பட்டு விரித்த பாதைதானே?"

பல்லக்கு கிளம்பியது. மாதப்பனார் மூச்சு விடவில்லை. ஒரு குழி. தொபுக்! இன்னொரு குழி. தொபுக்!

பல்லக்குக்குப் பின்னாலிருந்து ஈனக்குரல் ஒன்று கேட்டது:

"மாதப்பனாரே... ஐயா... சாமி... கொஞ்சம் கத்தித் தொலையுங்களேன்!"

"பள்ளம்!" என்ற சத்தம் கரை முழுக்கக் கேட்டது. மந்திரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து போனார்.