பல்லி கத்தினால் மாறும் சட்டம்

முன்னொரு காலத்தில், பத்தே வருடங்களில் மூன்று அரசர்களைப் பார்த்துவிட்ட ஒரு நாடு இருந்தது. மூன்றாவது அரசருக்குச் சகுன பயம். அரண்மனைச் சுவரில் பல்லி கத்தினால் போதும், ஏதாவது ஒரு சட்டத்தை மாற்றிவிடுவார். எதை மாற்றுவது என்று பலன் சொல்பவர் அமைச்சர் வீழிநாதர். காலையில் வரியில்லாத பட்டுக்கு மாலையில் பாதி விலை வரி. இப்படியொரு நாட்டில் எந்த வணிகன் முதல் போடுவான்?

வீழிநாதருக்கு அந்தக் கவலை இல்லை. அவருடைய வயிற்றெரிச்சல் எல்லாம் விகடகவி கூத்தபிரான்மேல்தான். தாம் பலன் சொன்னால் கொட்டாவி விடும் அரசர், அவன் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கிறாரே! வீட்டில் கண்ணாடி முன் நின்று தாமும் விகடம் பேசிப் பார்த்தார். "பல் வலியா?" என்று கேட்டாள் மனைவி.

ஒருநாள் அரசருக்கு ஆசை பிறந்தது. "பௌர்ணமிக்குள் வெளிநாட்டு வணிகர் ஒருவர் இங்கே தறிக்கூடம் திறக்கச் சம்மதிக்க வேண்டும்!"

"கூத்தபிரானை விட்டால் யாரால் முடியும், பிரபு?" என்றார் வீழிநாதர், தேன் ஒழுக. "முடியாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

அன்று வீழிநாதர் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் உண்டார்.

பௌர்ணமியன்று காலை, கூத்தபிரான் ஒரு பட்டு வணிகருடன் சபைக்கு வந்தான்.

"பணத்தோடு வந்திருக்கிறார், அரசே. ஆனால் முதலில் தாங்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடுவதை இவர் பார்க்க வேண்டுமாம்."

அரசர் புலி, கூத்தபிரான் ஆடு. அரசர் இரண்டு ஆடுகளை வெட்டினார். பல்லி கத்தியது.

"பல்லி கத்தினால் சட்டம் மாற வேண்டுமல்லவா, அரசே? இனிப் புலி ஆட்டைத் தாண்டக் கூடாது."

அரசர் முகம் சுளித்தார். ஆனால் வழக்கம் அவருடையதாயிற்றே! மறுபடியும் பல்லி கத்தியது.

"புலி ஓரடி வைக்க ஒரு பொன் சுங்கம்."

மூன்றாம் முறையும் கத்தியது.

"வெட்டுப்பட்ட ஆடுகளெல்லாம் உயிரோடு திரும்பலாம்."

அரசர் காய்களைத் தட்டிவிட்டு எழுந்தார். "பாதி ஆட்டத்தில் விதியை மாற்றினால் எவனடா ஆடுவான்?"

வணிகர் கைகூப்பினார். "நானும் இவரிடம் அதைத்தான் கேட்டேன், அரசே."

'தொலைந்தான்' என்று வீழிநாதர் உள்ளுக்குள் குதித்தார். அரசரோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பத்து ஆண்டுகளுக்கு எந்த வரியும் மாறாது! கல்லில் வெட்டுங்கள். பல்லி தொண்டை கிழியக் கத்தட்டும்!"

வணிகர் தறிக்கூடத்துக்குச் சம்மதித்தார். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றினார். பரிசு மாலையைப் பூட்டிவிடுவது அமைச்சரின் கடமை. வீழிநாதர் கூத்தபிரானின் பின்னால் போய் நின்றார். கொக்கி மாட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"மெதுவாக, அமைச்சரே," என்றான் கூத்தபிரான். "மாலை அரசர் கொடுத்தது. கழுத்து என் அம்மா கொடுத்தது."

அரசர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்.