ராஜா தலையில வாடகை பாக்கி

ஒரு ஊர்ல, ஆத்துக்கு இந்தக் கரையில, ஆவுடையம்மான்னு ஒருத்தி இருந்தா. எண்ணெய் வியாபாரம். தலையில பானையைத் தூக்கிக்கிட்டு தெருத்தெருவா போவா, வருவா, போவா, வருவா. இருபது வருசம் அப்படிச் சேத்த காசுல ஒரு வீடு கட்டினா பாருங்க, மூணு கட்டு வீடு, நடுவுல கிணறு! ஆனா அவ அதுல குடியிருக்கல. "கழுத்து தேஞ்சு போச்சு, இனிமே இந்த வீட்டு வாடகைதான் எனக்குச் சோறு"ன்னு சொல்லி, பழைய குடிசையிலயே இருந்துக்கிட்டா.

அப்போ வாடகைக்கு ஒருத்தன் வந்தான். எப்படி வந்தான்? குதிரையில வந்தான். தலையில ஜரிகைத் தலைப்பாகை, விரல்ல பச்சைக்கல் மோதிரம், பேரு பஞ்சாட்சரம்.

"அக்கா, நான் அரண்மனைப் புலவன். மாசம் பத்துப் பணம் கேக்கறீங்களாமே? பதினஞ்சா வச்சுக்கோங்க"ன்னான்.

கேட்டதுக்கு மேல ஒருத்தன் தாரேன்னா சந்தேகப்படணுமா வேண்டாமா? ஆங், நீங்க சந்தேகப்படுவீங்க. அவ சந்தோசப்பட்டா! முன்பணம் கேக்கல, இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தேன்னு கேக்கல, சாவியை எடுத்துக் குடுத்துட்டா.

மாசம் ஒண்ணாச்சு. ஆவுடையம்மா போய்க் கதவைத் தட்டினா. "புலவரே, வாடகை?"

"ஐயோ அக்கா! நான் பாடின பாட்டுக்கு ராஜா ஆயிரம் பொன் தரணும். அது வந்ததும் முதல் காசு உங்களுக்குத்தான்."

சரின்னு வந்துட்டா. மாசம் ரெண்டாச்சு. திரும்பவும் தட்டினா. "புலவரே, வாடகை?"

"ராஜா வேட்டைக்குப் போயிருக்காரே அக்கா!"

சரின்னு வந்துட்டா. மாசம் மூணாச்சு. திரும்பவும் தட்டினா. "புலவரே, வாடகை?"

"ராஜாவுக்குப் பல்வலி அக்கா. வாயைத் தொறந்து 'குடு'ன்னு சொல்ல முடியல பாவம்!"

இப்படி இருக்கும்போது, வீட்டுவரி கேட்டு அரண்மனை மணியக்காரர் வந்து நின்னாரு. "நாப்பது பணம். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலன்னா வீடு ஏலத்துக்குப் போயிரும்"னுட்டாரு. அவ வச்ச கஞ்சி அப்படியே ஆறிப்போச்சு. ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்ல, இருபது வருசச் சேமிப்பு! குடிசையில உக்காந்து அழுதா, மூக்கைச் சிந்தினா, அப்புறம் யோசிச்சா. யோசிச்சவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு.

வெள்ளிக்கிழமை மணியக்காரர் வந்தாரு. "எங்கம்மா வரி?"

"ராஜா எனக்குத் தர வேண்டியதுல கழிச்சுக்கச் சொல்லுங்க."

"என்னது! ராஜா உனக்குத் தரணுமா?"

"ஆமா. என் வீட்டுக்கு மூணு மாசமா அவருதான வாடகை பாக்கி!"

மணியக்காரருக்கு மூஞ்சி செவந்து போச்சு. கையோட அவளை அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

ராஜா கேட்டாரு, "நான் உனக்குக் கடன்காரனாம்மா?"

"நேரா இல்லைங்க மகாராஜா. நீங்க புலவருக்குத் தரணும், புலவர் எனக்குத் தரணும். நடுவுல அவர் எதுக்கு? நீங்களே என் கையில குடுத்துருங்க. ஆமா, பல்வலி இப்போ தேவலையா?"

ராஜா தாடையைத் தடவிப் பாத்துக்கிட்டாரு. "எனக்கா? பல்வலியா? கூப்பிடு அந்தப் புலவனை!"

அரண்மனையில இருந்து ஆளு வந்திருக்குன்னதும் பஞ்சாட்சரத்துக்குத் தலைகால் புரியல. தலைப்பாகையை இன்னொரு சுத்து சுத்திக்கிட்டு வந்தான். உள்ளே வந்தா, காவக்காரன் கத்தறான், "அட, எங்க மாமனார் வீட்டுல ஒரு வருசம் வாடகை தராம இருந்தவன் இவன்தான்!" சமையக்காரி கத்தறா, "எங்க சித்தி வீட்டுலயும் இருந்தான்!" மந்திரி மெல்ல எந்திரிச்சு, "வெளிய சொல்ல வெக்கமா இருக்கு மகாராஜா, எங்க வீட்டுலயும்"ங்கறாரு!

"நான் உனக்கு ஆயிரம் பொன் தரணுமாப்பா?"ன்னாரு ராஜா.

தரணும்னா பொய், தர வேண்டாம்னாலும் மாட்டிக்குவான். "அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது மகாராஜா"ன்னு இழுத்தான்.

"அப்போ காசாலயும் கட்டு, பேச்சாலயும் கட்டு"ன்னாரு ராஜா. குதிரையை வித்து, மோதிரத்தை வித்து, தலைப்பாகையையும் வித்து, எல்லார் வாடகையையும் பைசல் பண்ணச் சொன்னாரு. அதுக்கு மேல, ஒரு வருசம் ஊர் ஊராச் சந்தைக்குப் போய், தானே தண்டோரா போடணும்: "நான்தான் பஞ்சாட்சரம்! வாடகை தர மாட்டேன்! யாரும் எனக்கு வீடு குடுத்துராதீங்க!"

அப்புறம் ராஜா இவ பக்கம் திரும்பினாரு. "ஏம்மா, நீ எதைப் பாத்து வீடு குடுத்த?"

"தலைப்பாகையைப் பாத்து மகாராஜா"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் ஆவுடையம்மா வேற ஆளாயிட்டா. வீட்டை மூணாத் தடுத்து மூணு குடும்பம் வச்சா. ஒருத்தருக்குக் கை முடங்கினாலும் மத்த ரெண்டு பேரு காசுல வரி கட்டிரலாம் பாருங்க. யாரு வந்தாலும் மூணு மாச முன்பணம். யாரு வந்தாலும் பழைய வீட்டுக்காரங்ககிட்ட போய் ஒரு விசாரிப்பு.

தண்டோரா போட்டு முடிச்ச பஞ்சாட்சரத்துக்கு எந்த ஊர்லயும் வீடு கிடைக்கல. சுத்திச் சுத்தி, கடைசியில இவ வாசல்லயே வந்து நின்னான். "அக்கா, ஒரு கட்டு காலியாம்ல? முன்பணத்தை முழுசா கொண்டாந்துருக்கேன்."

அவ கோவப்படல. "சரிப்பா. கடைசியா யாரு வீட்டுல குடியிருந்த?"

"உங்க வீட்டுலதான் அக்கா."

"அப்படியா? இரு, அவங்ககிட்ட விசாரிச்சுட்டு வாரேன்"ன்னு உள்ளே போனா. தண்ணி குடிச்சா. வெத்தலை போட்டா. வெளிய வந்தா.

"கேட்டுட்டேன் தம்பி. ஆளு சரியில்லைங்கறாங்க"ன்னு கதவைச் சாத்திட்டா.

அவன் நடையைக் கட்டினான், அவ தாழ்ப்பாளைப் போட்டா, நானும் வாயை மூடிட்டேன். நீங்க கண்ணை மூடுங்க.