அடுப்புக் கதவு

தூத்துக்குடியில் ஜெசிந்தா சுட்ட மக்ரூனை வாயில் வைத்தால் கரைந்துவிடும். அவளிடம் தொழில் கற்க வந்த கோயில்பிள்ளையின் மக்ரூனோ பல்லில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

அவர் அவளைவிட மூத்தவர். லாரியை விற்றுச் சொந்தமாக ஒரு பேக்கரி கட்டியிருந்தார். மறுநாள் காலை கடைத் திறப்பு. ஊரையே அழைத்தாயிற்று. விற்கத்தான் மக்ரூன் இல்லை.

முட்டை வெள்ளையை நுரைக்க அடிப்பதில் அவரிடம் குறையில்லை. சர்க்கரையும் முந்திரித் தூளும் பதமாகத்தான் சேர்த்தார். தட்டை உள்ளே தள்ளிய பிறகுதான் மனுஷனுக்குக் கை அரிக்கும். வெந்ததா என்று கதவைத் திறப்பார். மூடுவார். மறுபடி திறப்பார். சூடு இறங்கி, எழும்பியதெல்லாம் அமுங்கிப்போகும்.

"திறக்காதீய அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லி ஜெசிந்தாவுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அன்று மதியமும் ஒரு தட்டு பாழானது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திறந்து பாக்காம வெந்துருச்சான்னு எப்படித் தெரியும் மாஸ்டர்?" என்றார் கோயில்பிள்ளை.

"இன்னும் ஒரு தட்டுக்குத்தான் முட்டை இருக்கு. போய் அந்த அறையில படுங்க. தூங்கி எந்திரிச்சு வந்து போடுங்க."

படுத்தார். கண் சொருகும் நேரம் கதவு திறந்தது.

"தூங்கிட்டீயளா அண்ணாச்சி?"

"இல்ல மாஸ்டர்."

சற்று நேரத்தில் மறுபடி கதவு. மறுபடி அதே கேள்வி. அடுத்த முறை அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"இப்படித் திறந்து திறந்து கேட்டா மனுசன் எப்படித் தூங்குவான்?"

எரிச்சலில் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

வெயில் தாழ்ந்த பிறகு வெளியே வந்தார். ஜெசிந்தா முட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அசந்து தூங்குனீய போல."

"உள்ளே தாழ் போட்டிருந்தேனே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குறட்டை வாசல் வரைக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி."

கோயில்பிள்ளை முட்டையை வாங்கிக்கொண்டார். முட்டையை அடித்தார். தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்தார். இரண்டொரு முறை கை தானாக வெளியே வந்தது. திரும்பவும் இடுக்கிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து, முந்திரி வறுபடும் வாசனை மெல்லக் கடைக்குள் பரவியது. அவர் நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தார்.

அவள் தலையைத் தூக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன் பாக்கீய? அது எந்திரிச்சாச்சு, கதவைத் திறந்துவிடுங்க."