சுருட்டாத பாய்

உட்காருங்கள், பிள்ளைகளா. சந்தோஷமான கதை என்னிடம் இல்லை. இருக்கிறதைச் சொல்கிறேன்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், நடுக்கடலில் ஒரு தீவு. தீவுக்கு ஒரே ஒரு சுனை. வருகிறவர்களுக்குப் பாய் விரிப்பது ஓலியா என்பவளின் வேலை. பாய் விரித்த இடம், விருந்தாளி தானாகச் சுருட்டிக் கையில் கொடுக்கிறவரை அவருடையது. ஊரார் அங்கே கால் வைக்கமாட்டார்கள். அதுதான் வழக்கம். வந்தவர்கள் எல்லாரும் மறுநாளே சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் வெள்ளைக்காரர்கள் பெரிய கப்பலில் வந்தார்கள். "களைத்து வந்திருக்கிறோம், அம்மா" என்றான் கப்பல் தலைவன். ஓலியா கரையில் பாய் விரித்தாள். வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பத்து நாளாகியும் சுருட்டவில்லை. பக்கத்தில் பீரங்கியை இறக்கினான்.

"கரையில் வெயில் தாங்கவில்லை" என்றான். தென்னந்தோப்பில் விரித்தாள். அதையும் சுருட்டவில்லை. சுற்றிலும் சுவர் எழுப்பினான்.

மூன்றாம் முறை, "சுனையோரம் ஒன்று போடு" என்றான்.

தங்கை மவீரா ஓலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அக்கா! உனக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா? தண்ணீரும் போய்விடும்."

"கேட்டவரிடம் இல்லை என்று நம் வாயால் எப்படிடி சொல்வது?" என்றாள் ஓலியா. விரித்தும் விட்டாள்.

அடிப் பாவி என்று திட்டத் தோன்றுகிறதா? நானும் ஒவ்வொரு தடவையும் திட்டிப் பார்க்கிறேன். அவள் கேட்டதே இல்லை.

மூன்று நாள் ஊரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மவீரா நாக்கு வறண்டு பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். ஓலியா காலிக் குடத்தோடு சுனைக்கு ஓடினாள். துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள்.

"ஐயா, பாயைச் சுருட்டிக் கொடுங்கள்."

"சுருட்டுவது என் இஷ்டம். உங்கள் வழக்கம்தானே?" என்றான் தலைவன்.

ஓலியாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஆனால் யோசித்தாள்.

"சரி. இப்போது நீங்கள் வீட்டுக்காரர், நான் விருந்தாளி. தாகத்தோடு வந்திருக்கிறேன். எனக்கு ஒரு பாய் விரியுங்கள்."

அவன் சிரிக்கக்கூட இல்லை. "எங்கள் ஊரில் அந்த வழக்கம் கிடையாது" என்றான்.

குடம் காலியாகவே திரும்பியது. தங்கைக்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் தவித்தாள். வீட்டுக்கு வந்தபோது பதில் கேட்க மவீரா உயிரோடு இல்லை.

வந்தவரை உபசரியுங்கள், பிள்ளைகளா. ஆனால் திருப்பி உபசரிக்கத் தெரியாதவனுக்கு உங்கள் குடிதண்ணீரை ஒருநாளும் விட்டுக்கொடுக்காதீர்கள்.