கணவாய்க் காற்றாலைகளும் பாறைச்சி உடும்பும்

மூங்கில்துறைக் காட்டில் பாறைச்சி என்று ஓர் உடும்பு இருந்தது. அது யாரையும் எளிதில் நம்பாது. மழை வரப்போகிறது என்று தவளை சொன்னால்கூட, நாக்கை நீட்டிக் காற்றைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் "இருக்கலாம்" என்று சொல்லும். அந்தக் குணத்துக்காகவே யானையரசர் மேட்டுக்குளத்து மோட்டாரை அதன் பொறுப்பில் விட்டிருந்தார்.

மேட்டுக்குளத்துக்கு ஊற்று கிடையாது. பள்ளத்தில் ஓடும் ஆற்றிலிருந்து மோட்டார் தண்ணீரை ஏற்றினால்தான் குளம் நிறையும். மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். அது இரண்டு இடங்களிலிருந்து வந்தது. அடிவாரத்தில் காட்டுப்பன்றிகள் விறகு எரித்து ஓர் உலையை நடத்தின. கணவாய் மேட்டில் அரசர் புதிதாக நிறுத்திய பன்னிரண்டு காற்றாலைகள் இருந்தன.

"இன்னும் இரண்டே கோடை! அப்புறம் நம் காட்டில் ஒரு மரத்தையும் விறகுக்காக வெட்ட வேண்டியதில்லை!" என்று திறப்பு விழாவில் அரசர் முழங்கினார்.

காடே ஆரவாரம் செய்தது. மின்துறை அமைச்சரான புனுகுப்பூனையும் கைதட்டியது. பன்றிகளின் தலைவன் கொம்பையன் மட்டும் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது.

வைகாசி பிறந்தது. கணவாயில் காற்று பேய்போல வீசியது. மரக்கிளைகள் முறிந்து விழுந்தன. ஆனால் காற்றாலைகளின் இறக்கைகள் அசையவில்லை. மின்சாரம் முதலில் காலையில் போயிற்று. பிறகு மத்தியானமும் போயிற்று. உலைக்கு விறகு போதவில்லை என்றன பன்றிகள். கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு நாழிகை வந்தாலே பெரிதாகிவிட்டது.

மேட்டுக்குளம் வற்றத் தொடங்கியது. அதில் ஒரு தாய் விரால் மீன், அப்போதுதான் பொரித்த குஞ்சுகளோடு இருந்தது.

"பாறைச்சி அக்கா! தண்ணீர் என் முதுகளவுக்கு இறங்கிவிட்டது. குஞ்சுகள் சேற்றில் புரள்கின்றன. மோட்டாரைப் போடக் கூடாதா?" என்று அது கேட்டது.

"கரண்டு வந்தால் போடாமல் இருப்பேனா, அம்மா?"

"எப்போது வரும்?"

"அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இதில் ஏதோ இருக்கிறது. காற்று இப்படி அடிக்கும்போது காற்றாலை எப்படி நிற்கும்?"

பாறைச்சி நேராக அமைச்சரிடம் போயிற்று. பெரிய பலாமரப் பொந்தில்தான் புனுகுப்பூனையின் அலுவலகம். வாசலில் நுழையும்போதே கமகமவென்று வாசனை வந்தது.

"வாருங்கள், வாருங்கள்! உங்களைப்போல நாலு பேர் வந்து கேள்வி கேட்டால்தான் எங்களுக்கும் வேலை நடக்கும்!" என்று புனுகுப்பூனை எழுந்து வரவேற்றது.

"காற்றாலைகள் ஏன் சுற்றவில்லை, அமைச்சரே?"

புனுகுப்பூனை இரு பக்கமும் பார்த்தது. குரலைத் தாழ்த்தியது.

"உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை. காற்றாலைகளை யார் பராமரிக்கிறார்கள்?"

"தகைவிலான் குருவிகள்."

"அவை எதில் கூடு கட்டும்?"

"ஈரச் சேற்றில்."

"எங்கே கட்டியிருக்கின்றன? அதை மட்டும் போய்ப் பாருங்கள். நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் கண்ணையே நம்புங்கள்!"

இந்தக் கடைசி வார்த்தை பாறைச்சிக்கு மிகவும் பிடித்துவிட்டது. தன்னை நம்பு என்று சொல்கிறவர்களைத்தான் அதற்குப் பிடிக்காது. இந்த அமைச்சர் அப்படிச் சொல்லவில்லையே!

அன்றைக்கே அது கணவாய் மேட்டுக்குப் போயிற்று. முதல் காற்றாலையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. உச்சியில், இறக்கைகளுக்குச் சற்றுக் கீழே, வரிசையாகச் சேற்றுக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

குருவிகளின் தலைவி ஊசிவாலி படபடவென்று இறங்கி வந்தது.

"நில்லுங்கள்! மேலே ஏறாதீர்கள்!"

"ஏன் ஏறக் கூடாது?"

"கூடுகளில் முட்டைகள் இருக்கின்றன. உங்கள் இனத்துக்கு முட்டை என்றால் எவ்வளவு ஆசை என்று எங்களுக்குத் தெரியாதா?"

"முட்டைக்கு வரவில்லை. இறக்கை ஏன் சுற்றவில்லை என்று கேட்க வந்தேன்."

"எங்களுக்கும் அதுதான் புரியவில்லை! நாங்கள்தான் அச்சுக்குப் புங்க எண்ணெய் போடுவோம். பத்து நாளாகப் பன்றிக் காவலர்கள் எங்களை இயந்திர அறைக்குள் விடுவதே இல்லை. கேட்டால் அமைச்சர் உத்தரவு என்கிறார்கள்."

பாறைச்சி அதன் முகத்தையே உற்றுப் பார்த்தது. ஊசிவாலியின் சிறகுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. 'குற்றம் செய்யாதவளுக்கு ஏன் இந்த நடுக்கம்? மாட்டிக்கொண்டதும் காவல்காரன் மேல் பழி போடுகிறாளே!' என்று பாறைச்சி நினைத்தது. முட்டையை நினைத்துத் தாய் நடுங்குகிறது என்பது அதற்குத் தோன்றவே இல்லை. மேலே ஏறிப் பார்க்கவும் தோன்றவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்பியது.

மறுநாள் அரசர் சபையைக் கூட்டினார்.

"அரசே! நான் யார் மேலும் பழி சொல்ல விரும்பவில்லை. பாறைச்சியையே கேளுங்கள். அது பொய் சொல்லாது என்று காடே அறியும்!" என்றது புனுகுப்பூனை.

பாறைச்சி முன்னால் வந்தது.

"காற்றாலை உச்சியில் சேற்றுக் கூடுகளைக் கண்ணால் பார்த்தேன், அரசே. சேறு போய் இயந்திரத்தை அடைத்திருக்க வேண்டும். மேலே ஏற வேண்டாம் என்று குருவிகள் என்னைத் தடுத்தன."

"பொய்! கூடுகள் வெளிச்சுவரில் இருக்கின்றன! உள்ளே போய்ப் பாருங்கள்!" என்று ஊசிவாலி கத்தியது.

அந்தக் கீச்சுக்குரல் சபையின் கூச்சலில் எடுபடவில்லை. குருவிகள் காட்டை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கொம்பையனின் ஆட்கள் நீண்ட மூங்கில்களால் கூடுகளைத் தட்டிவிட்டார்கள். முட்டைகள் பாறையில் விழுந்து உடைந்தன. குருவிகள் அலறிய சத்தம் மேட்டுக்குளம் வரைக்கும் கேட்டது. பாறைச்சி மோட்டாருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

எட்டு நாள் ஆயிற்று. காற்று அப்படியே வீசியது. காற்றாலைகள் அப்படியே நின்றன.

"உள்ளே போன சேறு உலர வேண்டும்" என்றது புனுகுப்பூனை. பிறகு, "வடக்கேயிருந்து நிபுணர் நாரை வர வேண்டும்" என்றது. அதற்குப் பிறகு, "இந்தக் கணவாய்க் காற்றுக்கே வலு போதாது" என்று சொல்லத் தொடங்கியது. அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்றில் அதன் மீசை பறந்தது!

மேட்டுக்குளத்தில் தண்ணீர் ஒரு சிறு குட்டையாகச் சுருங்கியது. விரால் குஞ்சுகளில் பாதி செத்து மிதந்தன.

தாய் விரால் பாறைச்சியைப் பார்த்தது. அது அழவில்லை.

"அக்கா, குருவிகள் போய் எட்டு நாளாயிற்று. இனி யார் மேல் பழி போடுவதாக உத்தேசம்?"

பாறைச்சிக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டோமே, நம்மிடம் வந்து இனிக்க இனிக்கப் பேசியவரை ஏன் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை? அது கணவாயை நோக்கி நடந்தது.

உச்சி வெயில் நேரம். பன்றிக் காவலர்கள் சேற்றில் புரண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். பாறைச்சி முதல் காற்றாலையின் பின்பக்கமாக ஏறியது. கூடுகள் இருந்த இடத்தைத் தாண்டியது. அங்கே வெளிச்சுவரில் மட்டும்தான் சேற்றுத் தடம் இருந்தது. இயந்திர அறையின் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது.

உள்ளே சேறு என்று ஒரு துளி இல்லை. அச்சு பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றி மூன்று சுற்று, புதுக் கொடிக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது!

அப்போது கீழே பேச்சுக்குரல் கேட்டது. பாறைச்சி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தது. காற்றாலை நிழலில் கொம்பையனும் புனுகுப்பூனையும் நின்றுகொண்டிருந்தன.

"இன்று சபையில் அரசர் மருதந்தோப்பை வெட்ட உத்தரவு போட்டுவிடுவாரா?" என்று கொம்பையன் கேட்டது.

"போடாமல் என்ன செய்வார்? காற்றாலை ஓடவில்லை. உலைக்கு விறகு வேண்டும். தோப்பை வெட்டிய இடத்தில் வழக்கம்போல நீங்கள் கிழங்கு போடுங்கள். வழக்கம்போலப் பாதி என் வீட்டுக்கு வரட்டும்."

"குருவிகள் திரும்பி வந்து ஏதாவது சொன்னால்?"

புனுகுப்பூனை சிரித்தது. "வந்தால் என் மேல் ஏன் கோபப்படப் போகின்றன? நானா விரட்டினேன்? அந்த உடும்பு அல்லவா விரட்டியது!"

இரண்டும் சிரித்தபடியே சபைக்குப் போயின.

உடைந்த முட்டைகளின் ஓடுகள் இன்னும் கீழே பாறையில் கிடந்தன. இங்கிருந்து பார்த்தால் அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. பாறைச்சி கயிற்றைக் கடித்தது. கொடி நார் பல்லில் சிக்கியது. ஈறு கிழிந்து இரத்தம் வந்தது. விடாமல் கடித்தது. மூன்றாம் சுற்றும் அறுந்ததும், அச்சு முனகிக்கொண்டே திரும்பியது. மறுகணம் காற்றாலை முழுவதும் அதிர்ந்தது. இறக்கைகள் சுழலத் தொடங்கின! பாறைச்சி சுவரை இறுகப் பற்றிக்கொண்டது. அறுந்த கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு கீழே இறங்கி, சபைக்கு ஓடியது.

சபையில் ஒரே கொண்டாட்டமாக இருந்தது. அரசருக்கு மேலே தொங்கிய விளக்கு பல நாளைக்குப் பிறகு பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. புனுகுப்பூனையின் கழுத்தில் மாலை!

"பார்த்தீர்களா, அரசே! இரவு பகலாகப் பாடுபட்டு ஒரு காற்றாலையைச் சரிசெய்துவிட்டேன். மற்ற பதினொன்றும் தேறாது. ஆகவே மருதந்தோப்பை..."

வாயிலிருந்த கயிற்றைத் துப்பிவிட்டு, "அதைச் சரிசெய்தது என் பல்!" என்றது பாறைச்சி. அதை அரசரின் காலடிக்குத் தள்ளியது. "இது அச்சில் கட்டியிருந்தது. கட்டச் சொன்னவர் மாலையோடு நிற்கிறார்."

புனுகுப்பூனை ஒரு கணம் திகைத்தது. உடனே சிரித்தது.

"அன்றைக்குக் குருவிகள் என்றாய். இன்றைக்கு நான் என்கிறாய். நாளைக்கு அரசரையே சொல்வாய் போலிருக்கிறது!"

சபை கொல்லென்று சிரித்தது. பாறைச்சி தலை குனிந்தது. பிறகு நிமிர்ந்தது.

"அமைச்சர் சொல்வது சரி. அன்று நான் சொன்னது தப்பு. கூட்டைப் பார்த்தேன், இயந்திரத்தைப் பார்க்கவில்லை. அவர் எங்கே பார்க்கச் சொன்னாரோ அங்கே மட்டும் பார்த்தேன். அதனால் முட்டைகள் உடைந்தன. குளத்தில் குஞ்சுகள் செத்தன. அந்தப் பாவம் என்னுடையது. இப்போது என் பேச்சை யாரும் நம்ப வேண்டாம். மற்ற பதினொன்றையும் மந்திகள் ஏறிப் பார்க்கட்டும். பன்றிகளும் கூட வர வேண்டாம், நானும் வரவில்லை."

யானையரசர் அமைச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏறட்டுமா?"

"வேண்டாம், அரசே! இயந்திரம்... ஆபத்தானது. மந்திகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்..."

"காட்டில் மந்திகளுக்கு மரம் ஏறி ஆபத்து வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை!" என்று சொல்லி அரசர் எழுந்து நின்றார். பூமி அதிர்ந்தது. "ஏறுங்கள்!"

வெயில் சாய்வதற்குள் மந்திகள் பதினொரு கயிறுகளைக் கொண்டுவந்து போட்டன. கணவாயில் பன்னிரண்டு காற்றாலைகளும் சுழன்றன. பாறைச்சி ஓடிப்போய் மோட்டாரைப் போட்டது. மேட்டுக்குளத்தில் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது.

அமைச்சர் வீட்டைத் திறந்து பார்த்தார்கள். கூரை வரைக்கும் கிழங்கு! அரசர் புனுகுப்பூனையையும் கொம்பையனையும் காட்டை விட்டு அனுப்பினார். காற்று இல்லாத மாதங்களுக்கென்று உலையைச் சிறிதாக வைத்துக்கொண்டார். விழுந்த சுள்ளிகளை மட்டுமே எரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இனிமேல் மாதம் ஒரு கூட்டத்தார் முறைவைத்துக் காற்றாலைக்குள் போய்ப் பார்க்கலாம் என்றும், யாரையும் காவலர் தடுக்கக் கூடாது என்றும் அறிவித்தார்.

பாறைச்சி இரண்டு நாள் நடந்து, ஆற்றுப் பாலத்துக்கு அடியில் ஒதுங்கியிருந்த குருவிகளைக் கண்டுபிடித்தது. நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னது.

"எங்கள் முட்டைகளைத் திருப்பித் தர முடியுமா?" என்று ஊசிவாலி கேட்டது.

"முடியாது."

"பிறகு எதற்கு வந்தாய்?"

"பழி உங்கள் மேல் இல்லை என்று காட்டுக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் நேரில் சொல்ல வேண்டும் அல்லவா?"

ஊசிவாலி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. குருவிகளில் பாதி அன்றே கணவாய்க்குத் திரும்பி, அச்சுகளுக்கு எண்ணெய் போடத் தொடங்கின. ஊசிவாலி திரும்பவில்லை. பாறைச்சியும் வற்புறுத்தவில்லை.

யாரைச் சந்தேகப்பட வேண்டுமோ அவர் கைகாட்டும் திசையிலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பவன், தெரியாமலே அவருக்குக் காவல் நிற்கிறான்.