கொடிமரத்துக்குச் சிலம்பாயி திரித்த கயிறு

அரண்மனைக் கொடிமரத்துக்குப் புதுக் கயிறு வேண்டியிருந்தது. கொடி பறக்கும்போது மரத்தில் யாரும் ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம். வானம் மூடியிருந்ததால், அளந்து பார்க்க நிழலும் இல்லை.

கயிறு திரிக்கும் சிலம்பாயியைத் தளவாய் மாவலியார் மன்னர் முன்னால் நிறுத்தினார். "கயிறு உச்சியிலிருந்து தரையைத் தொடவேண்டும். நீளம் தப்பினால் ஊரைவிட்டே போய்விடு. சரியாக இருந்தால் நானே ஏறிக் கட்டுகிறேன்!" என்று மீசையை முறுக்கினார்.

சிலம்பாயி தச்சரிடம், இரண்டு சட்டங்கள் செங்கோணமாகச் சேர்ந்த மூலைமட்டம் ஒன்றை வாங்கி, அதன் மூலையைக் கண்ணருகே பிடித்தாள். ஒரு சட்டம் மரத்தின் அடியையும் மற்றது உச்சியையும் காட்டும்வரை முன்னும் பின்னும் நகர்ந்தாள்.

"என்ன, கூத்தா ஆடுகிறாய்?" என்றார் தளவாய்.

"அளக்கிறேன் ஐயா. என் கண் மூன்று முழ உயரம். மரம் ஆறு முழத் தூரம். ஆறை ஆறால் பெருக்கி மூன்றால் வகுத்தால் பன்னிரண்டு. கண்ணுக்கு மேலே அவ்வளவு மரம். கீழே உள்ள மூன்றையும் சேர்த்தால் பதினைந்து. மூலைமட்டம் செங்கோணமாக இருந்தால் இந்தக் கணக்குப் பொய்க்காது."

முடிச்சுக்குக் கொஞ்சம் கூட்டித் திரித்துக் கொடுத்தாள்.

மாலையில் கொடி இறங்கியது. மன்னர் பார்த்துக்கொண்டிருந்தார். தளவாய் வேறு வழியின்றி ஏறி, கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டார். நுனி புழுதியைத் தொட்டு நின்றது. கூட்டம் ஆரவாரித்தது. தளவாய் மட்டும் மரத்தைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"சிலம்பாயி, எப்படியம்மா இறங்குவது?"

"கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் ஐயா. தரைவரைக்கும் இருக்கிறது."