அணையாத கற்பூரம்

வெயிலூரை ஆண்ட மாறவேள் என்ற அரசனிடம் ஒரு தேர் இருந்தது. அவன் தவத்துக்கு மனமிரங்கிச் சூரியபகவானே கொடுத்த தேர். ஏறி உட்கார்ந்தால் போதும், சூரியன் வரை போய்த் திரும்பிவிடும். கடிவாளத்தை அடியோடு விட்டுவிட்டால் வெளிச்சத்தின் வேகத்தில் போகும். இழுத்துப் பிடித்தால் பிடித்த அளவுக்கு வேகம் குறையும்.

"வெளிச்சத்தின் வேகத்தில் போய்வந்து, கண்டதைக் கண்டபடி சொல்கிறவருக்குக் கேட்டதைக் கொடுப்பேன்" என்று அரசன் முரசறையச் சொன்னான்.

அந்த ஊர்க் கோயிலில் ஆலத்தி எடுப்பவள் காத்தாயி. பயணம் புறப்படுகிற யாருக்கும் அவள்தான் கற்பூரம் ஏற்றிச் சுற்றுவாள். அவளுடைய ஊர் வயல்களுக்குப் பாயும் கீழக்குளத்து மதகை அரண்மனைத் தாமரைத் தடாகத்துக்காக மூடிவைத்திருந்தார்கள். ஊரில் நாற்று கருகிக்கொண்டிருந்தது. கேட்க அவளுக்கு அந்த ஒன்றுதான் இருந்தது.

முதலில் குதிரைப்படைத் தலைவன் கடம்பன் போய்வந்தான். கடிவாளம் அழுந்திய தடம் அவன் விரலில் சிவந்திருந்தது.

"நடை திறக்கிற நேரத்தில் வாசலில் ஜனங்கள் நெருக்குவார்களே, அப்படி நட்சத்திரமெல்லாம் எனக்கு முன்னால் வந்து குவிந்தன அரசே. முன்னால் ஒரே நீலம். பின்னால் சிவந்து சிவந்து இருட்டாகிவிட்டது. சூரியன் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது போல் தூரமே சுருங்கிப்போனது. வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிக்கவில்லை, திரும்பிவிட்டேன்."

சபையே வாய்பிளந்தது. காத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து புலவர் தேன்மொழியார். "கடிவாளத்தை விட்டேன். சூரியக் கதிர் என் பக்கத்திலேயே ஓடிவந்து, கரும்புக் கழி போல் அசையாமல் நின்றது. நூறு எண்ணும் மட்டும் அதைத் தடவிக்கொண்டே போனேன்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மூன்றாவதாக யாரும் வரவில்லை. "நான் போய்ப் பார்க்கட்டுங்களா சாமி?" என்று காத்தாயி கேட்டாள். அரசன் சிரித்துக்கொண்டே சரியென்றான்.

ஆலத்தி எடுக்கிறவளுக்கு யார் ஆலத்தி எடுப்பது? மிளகளவு கற்பூரத்தை ஏற்றித் தேரைத் தானே சுற்றினாள். ஏற்றிய கற்பூரம் தானாக அணையும் வரை தட்டைக் கீழே வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில், பதற்றத்தோடு பதற்றமாக, இரண்டு கையாலும் தட்டைத் தாங்கியபடியே ஏறி உட்கார்ந்துவிட்டாள். தேருக்குள் காற்றசைவு இல்லை. "அப்பனே, எங்க பயிரை..." என்று வேண்டத் தொடங்கினாள். தேர் மறைந்தது.

இங்கே நாழிகை வட்டிலில் தண்ணீர் முக்கால் நாழிகைக்குச் சற்றுக் குறைவாக இறங்கியபோது தேர் வந்து நின்றது. "...காப்பாத்து" என்று காத்தாயி சொல்லி முடித்தாள். காவலர்கள் இறங்கச் சொல்ல, இறங்கினாள். கையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பத்து எண்ணுவதற்குள் எல்லோர் கண்ணெதிரே அணைந்தது.

"என்னம்மா கண்டாய்?"

"ஒண்ணும் காணலீங்க. தேர் இன்னும் கிளம்பலேன்னுதான் இருந்தேன். இறங்கச் சொல்லிட்டாங்க."

"கண்ணை இறுக மூடிக்கொண்டாயோ?" என்றார் புலவர். சபை சிரித்தது. ஒரு பொய் சொல்லியிருந்தால் மதகு திறந்திருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் காணாததைச் சொல்ல நா எழவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, இந்த மூவரில் வெளிச்சத்தின் வேகத்தில் போய்வந்தவர் யார்? பரிசு யாருக்குப் போக வேண்டும்?

விடை: காத்தாயிக்குத்தான். கடம்பன் சொன்னதெல்லாம் நிஜம், ஆனால் அது வெளிச்சத்துக்கு ஒரு முழம் பிந்தி ஓடுகிறவன் காணும் காட்சி. கடிவாளத்தைப் பிடித்திருந்தான் என்று அவன் விரலே சொல்லிற்று. எவ்வளவு வேகமாகப் போனாலும் வெளிச்சம் யார் பக்கத்திலும் அசையாமல் நிற்பதில்லை. ஆகையால் புலவர் சொன்னது கற்பனை. இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் கடிவாளத்தைத் தொடவே முடியாதவள் காத்தாயி ஒருத்திதான். வெளிச்சத்தோடு போகிறவருக்கு ஒரு கணமும் கழியாது. கழியாத பொழுதில் எதைக் காண்பது? அதனால்தான், வெளிச்சம் சூரியன் வரை போய்வர இங்கே முக்கால் நாழிகை ஆகியும் கற்பூரம் கரையவில்லை. அரசன் எழுந்து அந்தத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் மதகு திறந்தது. பாதி சொல்லி, சூரியன் வரை போய்வந்து, மீதி சொன்ன வேண்டுதலல்லவா? பலிக்காமல் போகுமா?